தொலைவிலிருந்து வேலை செய்ய ஒருவரை நியமிக்கும் முன்

கேள்வி: தையல் இயந்திரங்களுக்கான உதிரி பாகங்களை இணையத்தில் விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர் இருக்கிறோம். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, தளத்தில் பொருள் விவரங்களைப் புதுப்பிப்பது, அன்றாடக் கணக்கைப் பதிவது ஆகிய வேலைகளுக்காகச் சென்ற ஆண்டு வேறோர் ஊரில் தம் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவரை நியமித்தேன். தன்விவரக் குறிப்பு சிறப்பாக இருந்தது. காணொளி அழைப்பில் அரை மணி நேரம் பேசினோம், நன்றாகப் பேசினார். முதல் மாதம் தினமும் பேசிக்கொண்டோம், குறையே இல்லை. இரண்டாம் மாதத்திலிருந்து பதில்கள் தாமதமாயின. நான்காம் மாதத்தில் ஒரு தகவலும் சொல்லாமல் நின்றுவிட்டார். இப்போது மீண்டும் ஆள் தேவைப்படுகிறது. நேரில் பார்க்காத ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? மாதச் சம்பளத்தில் வைப்பதா, ஒப்பந்த அடிப்படையில் வைப்பதா? விண்ணப்பித்தவர்களில் ஒருவர் வேறு நாட்டில் வசிக்கிறார். கணினித் திரையைக் கண்காணிக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: அன்புடையீர், வணக்கம்.

ஒருமுறை பட்ட அனுபவத்தை வைத்துத் தொலைவிலிருந்து வேலை செய்வோரே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாமல் மீண்டும் முயல நினைக்கிறீர்கள். அது சரியான எண்ணம் என்றே கருதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, சென்றுவிட்டவரின் நேர்மையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாக, அவரிடம் நீங்கள் ஒப்படைத்த வேலையைப் பற்றித்தான் யோசித்தேன். மின்னஞ்சல், பொருள் விவரம், கணக்கு என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். இவை மூன்றும் வெவ்வேறு இயல்புடைய வேலைகள். வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுபவர் நாள் முழுவதும் விட்டுவிட்டு வரும் கடிதங்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொருள் விவரங்களைப் புதுப்பிப்பவருக்கு இடையூறு இல்லாத நீண்ட நேரம் வேண்டும். கணக்கைப் பதிபவருக்குத் துல்லியமும், பண விவரங்களைக் கையாளும் பொறுப்பும் வேண்டும். ஒரே அறையில் இருந்தால், எந்த வேலை தேங்குகிறது, எதற்கு உதவி தேவை என்பது உங்கள் கண்ணில் பட்டுவிடும். நீங்களும் போகிறபோக்கில் சரிசெய்துவிடுவீர்கள். தொலைவில் இருப்பவர் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் தடுமாறுவதும், தமக்கு எளிதானதை முதலில் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிப்போடுவதும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இந்த முறை மின்னஞ்சலையும் பொருள் விவரத்தையும் மட்டும் கொடுங்கள். கணக்கைச் சில மாதங்களுக்கு உங்களிடமே வைத்திருங்கள்.

ஆள் தேடத் தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ஒப்படைக்கப்போகும் வேலையை எழுதிப் பார்க்க வேண்டும். "வாடிக்கையாளர் சேவை" என்று ஒரு வரியில் எழுதினால் போதாது. இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு கடிதத்துக்கும் நீங்கள் பதில் எழுதும்போதே பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: என்ன கேட்டார்கள், முடிவெடுக்க எதைப் பார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எப்போது அந்த வேலை முடிந்ததாகக் கருதினீர்கள். உங்கள் தொழிலில் நாள்தோறும் வரக்கூடிய ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மங்கலான புகைப்படம் ஒன்றை அனுப்பி, "இந்த பாபின் கேஸ் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கிறார். படத்தைப் பார்த்த உடனேயே உங்கள் மனத்தில் ஏதேதோ நடந்துவிடுகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாகங்கள் வெவ்வேறு இயந்திரங்களுக்கு உரியவை என்பது உங்களுக்குத் தெரியும். இயந்திரத்தின் மாடல் எண்ணைக் கேட்காமல் "இருக்கிறது" என்று எழுதினால் பொருள் திரும்பி வரும் என்பதும் தெரியும். மாடல் எண் இயந்திரத்தில் எங்கே பொறிக்கப்பட்டிருக்கும் என்று சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும் என்பதும் தெரியும். உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவர், நீங்கள் தொலைபேசியில் இதையெல்லாம் சொல்வதைக் காதில் வாங்கியே கற்றுக்கொண்டுவிடுவார். வேறோர் ஊரில் இருப்பவரின் காதில் அது விழாது. எழுதி வைக்கப்படாத எதுவும் அவரைப் பொறுத்தவரை இல்லாததே.

அலுவலகமே இல்லாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களைப் பல நாடுகளில் வைத்திருக்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம், தன் வேலை முறைகளை எல்லாம் ஒரு கையேடாக எழுதி இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதன் அளவைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். எந்தக் கேள்விக்கு யார் முடிவெடுப்பது, எந்த வேலை எப்போது முடிந்ததாகும் என்பதை அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று சில பக்கங்களைப் பார்த்தால் போதும். நான்கு பேர் கொண்ட உங்கள் நிறுவனத்துக்குப் பத்துப் பக்கம் தேறினாலே பெரிய காரியம். இரண்டு வாரக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தினால் அந்தப் பத்துப் பக்கம் வந்துவிடும். அதை எழுதும்போதே, புதியவரை எடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சில வேலைகளைக் குறைத்துவிடலாம் என்பதும் பல வேளைகளில் தெரியவரும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதற்கான பதிலைப் பொருள் விவரப் பக்கத்திலேயே சேர்த்துவிடலாமே.

எங்கே விளம்பரம் செய்வது என்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. விளம்பரத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதே யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. சம்பளம் எவ்வளவு, எந்த நேரத்தில் வேலையில் இருக்க வேண்டும், கணினியும் இணைய இணைப்பும் யார் பொறுப்பு, முதல் மூன்று மாதங்களில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பவற்றை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். சம்பளத்தை மறைத்து வைக்கும் விளம்பரத்துக்கு எண்ணற்ற விண்ணப்பங்கள் வரும். அவற்றைப் படித்துக் கழிப்பதிலேயே உங்கள் வாரம் போய்விடும்.

இனி, நேரில் பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நேரில் பார்ப்பதால் நமக்குக் கிடைக்கும் தெளிவு, நாம் நினைக்கும் அளவுக்கு நம்பத்தக்கதன்று. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளைப் பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையின் ஒரு பகுதியையே செய்து காட்டச் சொல்லும் சோதனை அதில் முன்வரிசையில் இருந்தது. எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கணக்கு மிகவும் பின்தங்கியிருந்தது. பின்னர் 2022இல் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்குகளை மறுபடி ஆராய்ந்து, பல எண்களைக் குறைத்தார்கள். அவர்களுடைய கணிப்பின்படி, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் இடும் நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42, வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பேசும் நேர்காணலுக்கு அது 0.19 மட்டுமே. தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு இருந்தால் 1 என்பது இந்த அளவின் பொருள். நீங்கள் சென்ற ஆண்டு நம்பியவை தன்விவரக் குறிப்பில் இருந்த அனுபவமும், அரை மணி நேர உரையாடலும் ஆகும். இரண்டுமே மெலிந்த சான்றுகள். அதிலும், நாள் முழுவதும் எழுதப்போகிற ஒருவரை, நன்றாகப் பேசினார் என்பதற்காக நியமித்திருக்கிறீர்கள்.

இம்முறை வேலையையே சோதனையாக வையுங்கள். உங்களுக்கு வந்த உண்மையான கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, பெயர், முகவரி, ஆர்டர் எண் போன்ற எல்லா அடையாளங்களையும் நீக்கிவிட்டு விண்ணப்பதாரருக்கு அனுப்புங்கள். பாபின் கேஸ் கடிதம் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும். இன்னொன்று, தவறான பாகம் வந்துவிட்டதாகக் கோபத்தோடு எழுதப்பட்டதாக, ஆனால் வாடிக்கையாளரே தவறாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். மூன்றாவதற்கான விடை உங்கள் தளத்திலேயே இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறாரா என்பது தெரிந்துவிடும். நான்காவது, உங்களிடம் இல்லாத ஒரு பொருளைக் கேட்பது. ஐந்தாவதை, உங்கள் பத்துப் பக்கக் குறிப்பில் விடை இல்லாத ஒன்றாக வேண்டுமென்றே தேர்ந்தெடுங்கள். இந்த ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமானது. தெரியாத இடத்தில் ஊகித்து எழுதிவிடுபவர் ஒருவகை. "இதை உங்களிடம் கேட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன், என் ஊகம் இது, காரணம் இது" என்று உங்களுக்குக் குறிப்பெழுதுபவர் இன்னொரு வகை. தொலைவில் இருந்து வேலை செய்ய நீங்கள் தேட வேண்டியவர் இரண்டாமவர். மொழி நடையில் சிறு பிழைகள் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தடுமாறும் இடத்தில் வாய்திறந்து கேட்கும் பழக்கத்தை நாம் ஊட்டிவிட முடிவதில்லை.

இந்தச் சோதனை இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கான ஊதியத்தை, தேர்வானாலும் ஆகாவிட்டாலும், கொடுத்துவிட வேண்டும். வலைத்தளங்கள் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், நியமிப்பதற்கு முன்பு ஊதியத்தோடு கூடிய சோதனை வேலை கொடுப்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறது. சோதனை என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்கிக்கொள்வது விண்ணப்பிப்பவருக்கு இழைக்கும் அநீதி. உங்கள் நிறுவனத்தைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் முதல் செய்தியும் அதுவாகிவிடும். வேறு வேலையில் இருந்துகொண்டு இரவில் நேரம் ஒதுக்கி அந்த ஐந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவரும் அவர்களில் இருப்பார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சோதனையில் தேறிய இரண்டு மூன்று பேரிடம் மட்டும் காணொளி வழியே பேசுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. "நீங்கள் பொறுப்பானவரா?" என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. "ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்க முடியாது என்று தெரிந்த சமயம் ஒன்றைச் சொல்லுங்கள், அதை யாரிடம், எப்போது தெரிவித்தீர்கள்?" என்று கேளுங்கள். முந்தைய முதலாளியிடம் விசாரிக்கும்போதும், "எப்படிப்பட்டவர்?" என்பதைவிட, "அவர் தாமாக வந்து உங்களிடம் தெரிவித்த பிரச்சினை ஏதாவது நினைவிருக்கிறதா?" என்ற கேள்வி அதிகம் சொல்லும். அடையாளத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலைகளுக்கான நேர்காணல்களில் போலியாக உருவாக்கிய காணொளி முகங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2022 ஜூன் மாதத்திலேயே எச்சரித்தது. அடையாளச் சான்றில் உள்ள பெயரும், சம்பளம் போகப்போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

இதுவரை சொன்னவை ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியவை. ஆனால் உங்கள் முன்னாள் பணியாளர் முதல் மாதத்தில் குறையின்றி வேலை செய்தவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் தேர்வு முழுத் தவறாகப் போகவில்லை. இரண்டாம் மாதத்தில் என்ன மாறியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதல் மாதம் தினமும் பேசிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகு பேசியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேலை பிடிபட்டுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக ஒதுங்கிக்கொண்ட அதே சமயத்தில், கேட்க ஆளில்லாமல் அவர் தேங்கிப்போயிருக்கக்கூடும். இது என் ஊகமே. ஆனால் இப்படி நடப்பதைச் சிறு நிறுவனங்களில் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சீனாவின் சி-ட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் நிக்கலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தொலைபேசி வழிச் சேவைப் பிரிவில் விருப்பம் தெரிவித்தவர்களைப் பிறந்த தேதியின் இரட்டைப்படை, ஒற்றைப்படையை வைத்துப் பிரித்து, ஒரு சாராரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுச் செல்வோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. இந்த இரண்டு எண்களைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது, அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் யார் என்பதை. குறைந்தது ஆறு மாதமாவது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். வீட்டில் தனியாக ஓர் அறை இருக்க வேண்டும். நல்ல இணைய இணைப்பு இருக்க வேண்டும். வேலையும் தெளிவாக எண்ணிக் கணக்கிடக்கூடியதாக இருந்தது. அப்படியிருந்தும், சோதனை முடிந்து விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னபோது, வீட்டில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை அதற்கு ஒரு பெரிய காரணம். உங்கள் பணியாளர் நிறுவனத்துக்கே புதியவர். உங்களில் எவரையும் அவர் நேரில் கண்டதில்லை. மற்ற மூவரோடு அவர் எப்போதாவது பேசினாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

ஆகவே தொடக்க வாரங்களை நீங்களே திட்டமிட்டு நடத்த வேண்டும். முதல் இரண்டு வாரம் அவர் எழுதும் ஒவ்வொரு பதிலும் வரைவாகவே இருக்கட்டும். நீங்கள் படித்துத் திருத்திய பிறகே வாடிக்கையாளருக்குப் போகட்டும். திருத்தும்போது ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி அப்படியே பத்துப் பக்கக் கையேட்டில் சேரட்டும். அடுத்த சில வாரங்களில் அவருக்குச் சந்தேகம் உள்ளவை மட்டும் உங்களிடம் வரட்டும். அதன் பிறகு வாரத்தில் சிலவற்றை நீங்களாக எடுத்துப் பார்த்தால் போதும். தினமும் கால் மணி நேரம் குறித்த வேளையில் பேசுவதை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், வாரம் மூன்று முறை, பிறகு இரண்டு முறை என்று படிப்படியாகக் குறையுங்கள். வாரம் ஒருமுறை என்ற அளவுக்குக் கீழே போக வேண்டாம். அந்த உரையாடலில் "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று கேட்டால் "சரி" என்றே பதில் வரும். "இந்த வாரம் எந்தக் கடிதத்துக்கு அதிக நேரம் பிடித்தது?" என்று கேளுங்கள். அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டும்போது, அவருக்கு எது புரியவில்லை என்பதும், உங்கள் கையேட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு முறை தாமதம் நேர்ந்தால் அன்றே பேசிவிடுங்கள். மாதக் கடைசி வரை மனத்தில் வைத்திருந்து கொட்டினால், கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் படும்.

கண்காணிப்பு மென்பொருள் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அது மவுஸ் அசைந்ததா, விசைப்பலகை தட்டப்பட்டதா என்பதைப் பதிவு செய்யும்; வாடிக்கையாளருக்குச் சரியான பாகம் சொல்லப்பட்டதா என்பதை அதனால் சொல்ல முடியாது. மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் கருவிகள் வெளிப்படையாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. உண்மையாக உழைப்பவர்தான் இந்தக் கண்காணிப்பால் மனம் நொந்துபோவார். சட்டச் சிக்கலும் இருக்கிறது. நெதர்லாந்தில் வசித்தபடி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்தவர், நாள் முழுவதும் கேமராவைத் திறந்து வைக்க மறுத்ததால் நீக்கப்பட்டார்; 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்காமல், நிறுவனம் பல்லாயிரம் யூரோ செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு வேண்டியது மூன்று அளவுகள்தாம்: கடிதம் வந்து எத்தனை வேலை நேரத்துக்குள் பதில் போகிறது, முதல் பதில் போதாமல் மறுபடி எழுதும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், தவறான பாகம் என்று திரும்பி வரும் ஆர்டர்கள் எத்தனை. மூன்றும் ஏற்கெனவே உங்கள் மின்னஞ்சலிலும் ஆர்டர் பதிவேட்டிலும் இருப்பவை. இவற்றை அவருக்கும் தெரியும்படி ஒரே தாளில் வையுங்கள். எண்கள் சரியாக இருக்கும்போது, அவர் நண்பகலில் ஒரு மணி நேரம் எழுந்து போனாரா என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

சம்பளமா, ஒப்பந்தமா என்பது உங்கள் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் ஏற்ற 198ஆம் பரிந்துரை, ஒருவர் பணியாளரா இல்லையா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிய பெயரை வைத்து முடிவு செய்யாமல், நடப்பில் வேலை எப்படி நடக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. வேலை நேரத்தை நீங்கள் வகுக்கிறீர்களா, எப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்களா, கருவிகளைக் கொடுக்கிறீர்களா, குறித்த காலத்தில் தொடர்ந்து ஊதியம் தருகிறீர்களா, அவருடைய வருமானம் முழுவதும் உங்களிடமிருந்தே வருகிறதா என்பவை அதில் சொல்லப்படும் அடையாளங்களில் சில. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் 2021இல் அளித்த தீர்ப்பும், எழுதிய ஒப்பந்தத்தைவிட நடைமுறைக்கே முதலிடம் கொடுத்தது. நான் மேலே சொன்ன முறையில், குறித்த நேரமும் தினசரி உரையாடலும் கையேடும் வைத்து ஒருவரை நடத்துவீர்களானால், அவர் பெரும்பாலான நாடுகளின் பார்வையில் உங்கள் பணியாளர். அவரை ஒப்பந்தக்காரர் என்று எழுதி வைத்துக்கொண்டால், பின்னாளில் விடுப்பூதியம், சமூகக் காப்பு, வரி எல்லாம் நிலுவையாகச் சேர்ந்து வந்து நிற்கும். பொருள்களைப் புகைப்படம் எடுப்பது, தளத்தை ஒருமுறை சீரமைப்பது போன்று தொடக்கமும் முடிவும் உள்ள வேலைகளுக்கு மட்டும் ஒப்பந்தம் பொருந்தும். அப்போது ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: படைப்பின் பதிப்புரிமை உங்களுக்கு மாற்றித் தரப்படுகிறது என்பது. அமெரிக்காவில் ஒரு தொண்டு அமைப்பு, எப்படி இருக்க வேண்டும் என்று யோசனை சொல்லி, பொருட்செலவையும் ஏற்று ஒரு சிற்பத்தைச் செய்யச் சொன்னது. சிற்பி அந்த அமைப்பின் பணியாளர் அல்லர் என்பதால் பதிப்புரிமை தானாக அமைப்புக்கு வந்துவிடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லிவிட்டது. பணம் கொடுத்ததாலேயே படங்கள் நமக்குச் சொந்தம் என்று எண்ணிக்கொள்வது எங்கும் பாதுகாப்பானதன்று.

வேறு நாட்டில் வசிக்கும் விண்ணப்பதாரர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இந்த முறை தொலைநிலைப் பணியாளராக அவரை எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் வசிக்கும் நாட்டின் தொழிலாளர் சட்டமும் வரிச் சட்டமும் உங்களைப் பிடிக்கும். சில சூழல்களில், அவர் அங்கிருந்து வேலை செய்வதாலேயே உங்கள் நிறுவனத்துக்கு அந்நாட்டில் நிலையான தொழிலிடம் இருப்பதாகக் கருதி வரி கேட்க வாய்ப்புண்டு. உங்களுக்காக அந்நாட்டில் அவரை முறைப்படி பணியில் வைத்துக்கொள்ளும் இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. மாதந்தோறும் கட்டணம் வாங்குவார்கள். நான்கு பேர் கொண்ட நிறுவனத்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அதைவிட, நேர வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். புதியவரைப் பழக்கும் காலத்தில் இருவரும் ஒரே வேளையில் விழித்து வேலை செய்யும் நேரம் ஒரு நாளில் குறைந்தது நான்கு மணியாவது வேண்டும். ஒருவரை வெற்றிகரமாகப் பழக்கிய பிறகு, அடுத்த ஆளை எடுக்கும்போது எல்லை தாண்டிப் பார்க்கலாம். இந்தக் காரணத்தை மறைக்காமல் அவருக்கு எழுதிவிடுங்கள். காத்திருக்க வைப்பது முறையாகாது.

நியமனக் கடிதத்தில், சம்பளத் தேதி, விடுப்பு, மின்சாரம் இணையம் போன்ற செலவுகளை யார் ஏற்பது, விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை எழுத்தில் இருக்கட்டும். ஸ்பெயின் போன்ற நாடுகளில் இச்செலவுகளை ஏற்பது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாத இடத்திலும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவது நியாயம் என்பது என் கருத்து. உங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்திருந்தால் அந்தச் செலவு உங்களுடையதாகத்தானே இருந்திருக்கும்? முன்னறிவிப்புக் காலத்தில் வேலை செய்தால் முழுச் சம்பளமும் குறித்த நாளில் கிடைக்கும் என்பதையும் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். விலகப்போவதாகச் சொன்னால் பாக்கியை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் சொல்லாமல் போய்விடுபவர்களும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சென்ற ஆண்டு அவருக்குக் கொடுத்த கடவுச்சொற்களை மாற்றிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லாததால் கேட்கிறேன். மின்னஞ்சல், விற்பனைத் தளம், கணக்கு மென்பொருள், பொருள் அனுப்பும் நிறுவனத்தின் கணக்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இப்போது யார் யாருக்கு நுழைவு இருக்கிறது என்று இன்றே ஒரு பட்டியல் எடுங்கள். உங்களோடு இருக்கும் மூவரையும் சேர்த்தே எழுதுங்கள். எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி, ஆளுக்கொரு தனிக் கணக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு, அவரவர் வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே அனுமதி என்று மாற்றிக்கொள்ளுங்கள். புதியவருக்கு வாடிக்கையாளரின் முகவரி தெரிய வேண்டியிருக்கலாம்; வங்கிக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. சில மாதங்களுக்குப் பிறகு கணக்கு வேலையையும் அவரிடம் ஒப்படைக்கும் நாள் வந்தால், பணம் செலுத்தும் உத்தரவை அவர் தயார் செய்யட்டும். அதற்கு ஒப்புதல் அளிக்கும் உரிமை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.